கணினியில் கணக்குத் தேர்வு: படமா, எழுத்தா, குரலா, பக்கத்தில் ஓர் ஆளா?

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், சிறப்புப் பயிற்றுநர்கள், குழந்தைகளுக்குச் செயலி செய்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "மூன்றாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டரில் கணக்குத் தேர்வு வைக்கப்போகிறோம். வகுப்பில் பார்வை குறைந்த பிள்ளை ஒன்று இருக்கிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறும் பிள்ளைகள் நாலைந்து பேர். கேள்வியைப் படமாகப் போட்டுவிடலாமா? எழுத்தாக அடித்து மெஷினை வாசிக்க விடலாமா? நாமே பேசிப் பதிவு செய்யலாமா? இல்லை, அந்தப் பிள்ளைக்கு மட்டும் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்தால் போதுமா?"

நான்கு வழியும் புழக்கத்தில் இருப்பவைதான். நான்கிலும் தொடங்கும்போது கண்ணில் படாத செலவு இருக்கிறது.

## முதலில், எதை வைத்து எடை போடுவது?

எல்லாவற்றுக்கும் முன்னால் நான் பார்ப்பது, தேர்வு கணக்கைத்தான் அளக்கிறதா என்பதை. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு தேர்வில் கடிகாரப் படத்தைப் போட்டு "மணி என்ன?" என்று கேட்டிருந்தார்கள். படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் மறைவான குறிப்பு, எழுத வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனதோடு எழுதியும் விட்டார்கள்: "4 மணி 20 நிமிடம் காட்டும் கடிகாரம்." திரையில் இருப்பதை உரக்க வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் வழியாகத் தேர்வு எழுதும் பிள்ளைக்கு விடையே காதில் விழுந்துவிட்டது. மாற்று உரையே இல்லாமல் விட்டிருந்தால் "படம்" என்ற ஒரு சொல் மட்டும் கேட்டிருக்கும், மதிப்பெண் போயிருக்கும். இரண்டிலுமே அந்தப் பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியுமா என்பது நமக்குத் தெரியாது. "சின்ன முள் 4-ஐக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. பெரிய முள் 4-இன் மேல் இருக்கிறது" என்று எழுதினால்தான் அது கேள்வி. பார்க்கிற பிள்ளைக்குக் கண் என்ன தருகிறதோ, அதை மட்டும் காது தர வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இரண்டாவது, தமிழில் சரியாக ஒலிக்கிறதா. ஆங்கிலத்துக்கென்று எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதற்குப் பதில் கிடைக்காது. பின்னத்தையே எடுத்துக்கொள்வோம். மேலே 2, கீழே 3 என்று இருந்தால் ஆங்கிலத்தில் மேலெண்ணை முதலில் சொல்வார்கள். நாம் "மூன்றில் இரண்டு" என்கிறோம். கீழெண், அதாவது பகுதி, முன்னால் வருகிறது. தொகுதி பின்னால் வருகிறது. அப்புறம் கால், அரை, முக்கால். கடைக்குப் போய்க் கால் கிலோ சர்க்கரை வாங்கி வரும் பிள்ளைக்கு "நான்கில் ஒன்று" என்பதைவிடக் "கால்" சட்டென்று புரியும். ஆனால் அந்தப் பாடமே "கால் என்றால் நான்கில் ஒன்று" என்பதாக இருந்தால், எதைச் சொல்வது என்று தீர்மானிப்பதுகூடத் தேர்வு அமைப்பின் பகுதிதான்.

மூன்றாவது, யார் விடுபடுகிறார்கள். பார்வையற்ற பிள்ளை, பார்வை குறைந்த பிள்ளை, காது கேளாத பிள்ளை, கை நடுங்கும் பிள்ளை, வாசிப்புத் திணறல் உள்ள பிள்ளை என்று ஒவ்வொருவருக்கும் இடிக்கும் இடம் வேறு. நான்காவது, பள்ளியில் இருக்கும் கருவி: ஹெட்போன் உண்டா, நெட் நிற்குமா, கம்ப்யூட்டரா டேப்லெட்டா. ஐந்தாவது, பிழை திருத்தும் செலவு. முதல்முறை செய்வதற்கு ஆகும் நேரத்தை எல்லோரும் கணக்குப் போடுவார்கள். தேர்வுக்கு முந்தைய நாள் ஓர் எண்ணை மாற்ற வேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் போடுவதில்லை.

## வழி 1: கேள்வியைப் படமாகப் போடுவது

செய்ய எளிது. ஏற்கெனவே இருக்கும் வினாத்தாளை ஸ்கேன் செய்து, கீழே நான்கு பொத்தான் வைத்தால் தேர்வு தயார். இதை ஏன் இத்தனை பேர் நாடுகிறார்கள் என்பதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். நம் ஊரில் வினாத்தாள்கள் பலவும் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. எல்லாக் கணினியும் தமிழைத் தமிழாகவே அறியும் யூனிகோடு குறிமுறையைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் கையில் இருக்கும் கோப்புகள் மாறவில்லை. பாமினியில் அடித்ததை எடுத்து இணையப் பக்கத்தில் ஒட்டினால், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் பார்க்கத் தமிழாகத் தெரியும், திரைவாசிப்பானுக்கோ அது வெறும் ஆங்கிலக் குப்பை. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதான் பலர் படமாக்கிவிடுகிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு பெரிது. பார்வை குறைந்த பிள்ளை பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து மங்கிச் சிதறும். பின்னணி நிறத்தை மாற்ற முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை எழுதியாக வேண்டும். அதை எழுதத் தெரியாமல் எழுதினால், கடிகாரத்துக்கு நடந்ததுதான் நடக்கும். வடிவத்தின் பெயரைக் கேட்கும் கேள்விக்கு "முக்கோணம்" என்று மாற்று உரை எழுதியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படம் பொருந்தும் இடம், படமே கேள்வியாக இருக்கும் இடம். சமச்சீர், பட விளக்கப்படம், கடிகாரம் போன்றவை. அங்கும் கேள்வி வாக்கியம் எழுத்தாக வெளியே நிற்க வேண்டும். "சிவப்புப் பந்துகள் எத்தனை?" என்று நிறத்தை மட்டும் நம்பிக் கேட்பதையும் தவிர்த்துவிடுங்கள். பந்தின் மேல் ஒரு கோடோ புள்ளியோ போட்டால் நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளையும் எண்ணிவிடும்.

## வழி 2: உண்மையான எழுத்தும் கணிதக் குறியீடும், வாசிக்க மெஷின்

கேள்வியை யூனிகோடில் அடித்து, பின்னம் போன்றவற்றை மேத்எம்எல் என்ற கணிதக் குறியீட்டு மொழியில் எழுதுவது. 1998-இல் வந்த தரம் இது. குரோம் உலாவி 2023 ஜனவரியில்தான் இதை நேரடியாகக் காட்டத் தொடங்கியது, ஃபயர்ஃபாக்ஸ் முன்பே காட்டியது. விண்டோஸில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் இருக்கிறது. அதோடு மேத்கேட் என்ற கருவி சேர்ந்தால் பின்னத்தின் மேலெண், கீழெண் என்று உள்ளே நுழைந்து உலாவலாம், புள்ளி எழுத்தை விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் காட்சிக் கருவிக்கும் அனுப்பலாம். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் டாக்பேக் என்ற திரைவாசிப்பானும் கூகுளின் தமிழ்க் குரலும் உண்டு.

எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து உடையாது. நிறத்தை மாற்றலாம். எண்ணைத் திருத்த ஒரு நிமிடம் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு எண் கொடுப்பது இதில்தான் சுலபம். அதனால் நான்கில் நீண்ட நாள் தாங்கும் அடித்தளம் இதுதான் என்பது என் முடிவு.

ஆனால் கேட்டுப் பார்க்காமல் இதை நம்பக் கூடாது. ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேர்வு முழுவதையும் கேட்டேன். "15-7" என்பதில் கழித்தல் குறிக்குப் பதிலாக விசைப்பலகையில் இருக்கும் சிறுகோட்டைப் போட்டிருந்தார்கள். குரல் "பதினைந்து ஏழு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தது. பெருக்கலுக்கு எக்ஸ் எழுத்தை அடித்திருந்தார்கள், அது "எக்ஸ்" என்றே வந்தது. பின்னத்தைச் சாய்கோட்டோடு அடித்திருந்ததால் "இரண்டு ஸ்லாஷ் மூன்று". பார்வைக்கு அந்தத் தாளில் ஒரு பிழைகூட இல்லை. கழித்தலுக்கும் பெருக்கலுக்கும் அவற்றுக்கே உரிய யூனிகோடு குறிகள் இருக்கின்றன, அவற்றைத்தான் போட வேண்டும். அப்புறம், பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிமுறையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைக் குளறும், அல்லது ஓசையில்லாமல் தாண்டிப் போகும்.

பின்னம் "மூன்றில் இரண்டு" என்று ஒலிப்பதற்காக, குறியீட்டின் மேல் மறைவான தமிழ் உரை ஒன்றை வைப்பவர்கள் உண்டு. குரலுக்கு நல்லதுதான். ஆனால் பிரெய்ல் கருவியில் எண் வராமல் அந்தச் சொற்களே வரும், பின்னத்துக்குள் நுழைந்து உலாவவும் முடியாது. வகுப்பில் பிரெய்ல் கருவி பயன்படுத்தும் பிள்ளை இருந்தால் இதைச் செய்யாதீர்கள். பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் அந்தக் கருவி இருக்காது. அங்கே செய்யலாம்.

பெரிய மறைமுகச் செலவு பயிற்சி. திரைவாசிப்பானின் குறுக்கு விசைகளை எட்டு வயதுப் பிள்ளை தேர்வு நாளன்று கற்றுக்கொள்ள முடியாது. ஆண்டு முழுவதும் அதில் பழகியிருந்தால்தான் தேர்வில் அது உதவி. பழகாத பிள்ளைக்கு அது இன்னொரு தேர்வு.

## வழி 3: மனிதக் குரலைப் பதிவு செய்து வைப்பது

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். சின்னப் பிள்ளைக்கு டீச்சரின் குரல் கேட்டால் தோள் இறங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியும். "மூன்றில் இரண்டு பங்கு", "பதினைந்திலிருந்து ஏழைக் கழி" என்று வேற்றுமை உருபோடு, சரியான இடத்தில் மூச்சு விட்டுச் சொல்ல மனிதருக்குத்தான் வரும். வாசிப்புத் திணறல் உள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலை. கணக்கு தெரிந்தும் வாக்கியத்தில் சிக்கி நிற்பவர்கள் அவர்கள்.

கோப்பின் அளவைக் கண்டு பயப்பட வேண்டாம். கேள்விக்கு 15 விநாடி என்று 20 கேள்விக்கு 5 நிமிடம். பேச்சுக்குப் போதுமான 64 கேபிபிஎஸ் தரத்தில் மொத்தம் 2.4 எம்பிதான். முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் தேர்வு நேரத்தில் நெட் இல்லாமலும் ஓடும்.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஓர் எண் மாறினால் மறுபடி பேச வேண்டும். அதே குரல் அடுத்த மாதம் கிடைக்குமா? சரி, எண்களைத் தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். தமிழில் அது நடக்காது. நூறு "நூற்று" ஆகும், இருபது "இருபத்து" ஆகும், ஆயிரம் "ஆயிரத்து" ஆகும். "நூறு, இருபது, ஐந்து" என்று ஒட்டிவைத்தால் பிள்ளை மூன்று எண் கேட்டதாக நினைக்கும். ஆளுக்கு ஆள் எண் மாறும் தேர்வுக்கு இந்த வழி சரிப்படாது.

இன்னொன்று, வாசிப்பவரின் தொனி. நான்கு விடைகளை வாசிக்கும்போது சரியான விடையில் குரல் தன்னை அறியாமல் கொஞ்சம் அழுந்தும். அதனால் வாசிப்பவருக்கு விடை தெரியாதபடி, விடைகளை வேறு வரிசையில் கலைத்துக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்வேன். ஒவ்வொரு விடைக்கும் தனிப் பொத்தான் இருக்கட்டும். நான்காவதை மறந்துவிட்ட பிள்ளை முழுவதையும் முதலிலிருந்து கேட்க வேண்டிய நிலை வரக் கூடாது. "407 என்பதை எழுத்தால் எழுதுக" போன்ற கேள்வியில் எண்ணை வாசித்துவிட்டால் விடையில் பாதி போய்விடும். அந்தக் கேள்வியை மட்டும் "திரையில் உள்ள எண்ணை" என்று வாசிக்கலாம். பார்வையற்ற பிள்ளைக்கு அந்தக் கேள்வியை மாற்றித்தான் ஆக வேண்டும்.

காது கேளாத பிள்ளைக்கு இந்த வழியில் ஒன்றுமே இல்லை. குரலின் கீழே எளிய வாக்கியத்தில் எழுத்து இருக்க வேண்டும், முடிந்தால் சைகை மொழி காணொளியும். ஹெட்போன் இல்லாத கணினி அறையில் இருபது குரல் ஒரே நேரத்தில் ஒலித்தால் யாருக்கும் பயன் இல்லை. ஹெட்போன் விலையை முதல் நாளே திட்டத்தில் சேருங்கள்.

## வழி 4: பக்கத்தில் ஓர் ஆள்

ஒருவர் கேள்வியை வாசிக்கிறார், பிள்ளை சொல்லும் விடையைக் கணினியில் தட்டுகிறார். கையை அசைக்கச் சிரமப்படும் பிள்ளை, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ள பிள்ளை, அண்மையில் பார்வை இழந்து இன்னும் எதிலும் பழகாத பிள்ளை ஆகியோருக்கு இதுதான் நியாயமான வழி. இதைக் கடைசிப் புகலிடம் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தேர்வில் கூடுதல் நேரத்தையும், பிள்ளை சொல்வதை எழுதித் தரும் எழுத்தரையும் உரிமையாகவே பேசுகிறது.

பார்வையற்ற பிள்ளைகள் பலர் டெய்லர் பிரேம் என்ற துளைப் பலகையில் கணக்குப் போடப் பழகியவர்கள். எண்கோண நட்சத்திரத் துளைகளில் சிறிய உலோக அச்சுகளைச் செருகி, தடவிப் பார்த்து, கூட்டிக் கழிப்பார்கள். இரண்டு கையும் அதில் இருக்கும்போது விசைப்பலகையைத் தொடு என்றால் அச்சு கலையும், இடம் தவறும். பக்கத்தில் ஒருவர் இருந்து விடையைத் தட்டினால் கணக்குக் கையிலேயே நிற்கும்.

மறைந்த செலவு உதவியாளரின் முகம். தவறான விடை வந்ததும் "நல்லா யோசிச்சுப் பாரு கண்ணு" என்பார்கள். அன்புதான், ஆனால் அது விடை. எழுதிவைத்த சொற்களை மட்டும், கேட்டால் இரண்டாம் முறையும் அதே சொற்களில் வாசிக்க அவர்களைப் பழக்க வேண்டும். ஆளுக்கு ஒருவர், தனி அறை என்று பள்ளிக்குச் சுமை கூடும். தானே செய்ய முடிந்த பிள்ளைக்கும் வசதிக்காக ஆளைப் போட்டுவிடுகிற பழக்கமும் இதில் ஒட்டிக்கொண்டு வரும். அது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் தீங்கு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | படம் | எழுத்து, மெஷின் குரல் | பதிவுக் குரல் | உதவியாளர் |
|---|---|---|---|---|
| தமிழில் ஒலிப்பு | மாற்று உரையைப் பொறுத்தது | கேட்டுச் சரிபார்த்தால் நன்று | மிக நன்று | நன்று, பயிற்சி வேண்டும் |
| பெரிதாக்கல், நிறமாற்றம் | முடியாது | முழுமையாக முடியும் | கூடவே எழுத்து இருந்தால் | தேவையில்லை |
| பார்வையற்ற பிள்ளை | பெரும்பாலும் விடுபடும் | பழகியிருந்தால் சிறந்தது | படக் கேள்வி தவிர நன்று | நன்று |
| காது கேளாத பிள்ளை | வாசிக்கத் தெரிந்தால் | நன்று | எழுத்து இல்லாவிட்டால் பயனில்லை | சைகை மொழி தெரிந்தவர் வேண்டும் |
| எண்ணைத் திருத்தல் | மறுபடி படம் | ஒரு நிமிடம் | மறுபடி பதிவு | எளிது |
| விடை கசியும் ஆபத்து | மாற்று உரையில் | குறைவு | தொனியில் | முகத்திலும் பேச்சிலும் |

## விடையை எப்படி வாங்குவது

கேள்வியில் இத்தனை கவனம் வைத்துவிட்டு விடையில் கோட்டை விடுபவர்கள் அதிகம். இழுத்துப் போடும் கேள்விகள் பார்க்க அழகு, கை நடுங்கும் பிள்ளைக்கு நரகம். இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான இணைய அணுகல் வழிகாட்டியின் 2.2 பதிப்பு, 2023 அக்டோபரில் வந்தது; அது, இழுப்பதற்கு மாற்றாக இழுக்காமலே செய்யும் வழி வேண்டும் என்கிறது. அட்டையை ஒருமுறை தொட்டு எடு, பெட்டியை ஒருமுறை தொட்டு வை என்று அமைத்தால் போதும், விளையாட்டும் கெடாது. அதே வழிகாட்டி, தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் அகலமும் 24 பிக்சல் உயரமும் இருக்க வேண்டும் என்கிறது. சின்னக் கைகளுக்கு நான் 44-க்குக் குறைய மாட்டேன்.

கடன் வாங்கிக் கழிப்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். 402-இலிருந்து 178. பிள்ளை ஒன்றுகளில் தொடங்கி இடப்பக்கம் நகரும். முதலில் கிடைப்பது 4, அப்புறம் 2, அப்புறம் 2. கணினிப் பெட்டியோ இடமிருந்து வலமாக 2, 2, 4 என்று தட்டச் சொல்கிறது. பெரியவர்கள் மனதில் திருப்பிக்கொள்வோம். எட்டு வயதுப் பிள்ளை கிடைத்த வரிசையில் தட்டி 422 என்று போடும். கணக்கு சரி, மதிப்பெண் பூஜ்யம். ஒன்றுகள், பத்துகள், நூறுகள் என்று மூன்று பெட்டி வைத்து, ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெயரையே ஒலிக்கும் அடையாளமாகக் கொடுத்து, ஒன்றுகளில் முதலில் நிற்கும்படி செய்யுங்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் இருக்கட்டும். "12 ரூபாய்" என்று தட்டியதைத் தவறு என்று சொல்லாத மென்பொருளாகவும் இருக்கட்டும்.

## நேரம்

இங்கிலாந்தில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, அதாவது 8, 9 வயதினருக்கு, கணினியில் வாய்ப்பாட்டுத் தேர்வு ஒன்று நடக்கிறது. 2022 ஜூன் முதல் கட்டாயம். 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி, இடையில் 3 விநாடி. அவ்வளவு இறுக்கமான தேர்விலும் எழுத்தளவையும் நிறத்தையும் மாற்றும் வசதி, கேள்வியை வாசிக்கும் ஒலிப் பதிப்பு, நேரம் முடியப்போவதைச் சொல்லும் ஒலி, விடையைத் தட்டித் தரும் உதவியாளர் எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது "அடுத்து" என்ற பொத்தான். அதை இயக்கிவிட்டால் பிள்ளை தயாரான பிறகுதான் அடுத்த கேள்வி வரும். 6 விநாடி மாறாது, ஆனால் மூச்சு விட இடம் கிடைக்கும்.

அங்கே வாய்ப்பாடு உடனே நினைவுக்கு வருகிறதா என்பதையே அளக்கிறார்கள், அதனால் வேகம் கணக்கின் பகுதி. நம் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கழித்தல் தெரியுமா என்று கேட்கும்போது வேகத்துக்கு என்ன வேலை? கடிகாரத்தைத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். நேரம் வைத்தே ஆக வேண்டுமென்றால், ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் என்பது மத்திய அரசின் 2018 எழுத்தர் வழிகாட்டுதல் சொன்ன அளவு. காதால் கேட்டு, கையால் தடவிக் கணக்குப் போடும் பிள்ளைக்கு அதுவும் போதாமல் போகலாம். ஒத்திகையில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

## சரி, யாருக்கு எது?

மூன்றாம் வகுப்பு வரை, எண்கள் மாறாத தேர்வு, ஹெட்போன் உண்டு: எழுத்தாக அடித்து, அதன் மேல் பதிவுக் குரல். நான்கு, ஐந்தாம் வகுப்பு, அடிக்கடி நடத்தும் தேர்வு, எண்கள் மாறும்: எழுத்தும் கணிதக் குறியீடும், மெஷின் குரல். அதற்கு ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே வகுப்பில் அதைக் காதில் போடத் தொடங்க வேண்டும். அறையில் ஹெட்போனே இல்லை, கணினி பத்துதான்: பார்வை குறைந்த பிள்ளைக்குப் பெரிய எழுத்தோடு திரை, பார்வையற்ற பிள்ளைக்கு டெய்லர் பிரேமோடு ஓர் உதவியாளர். பழைய வினாத்தாள்கள் பாமினியில் கிடக்கின்றன, நேரமும் இல்லை என்றால், எல்லாவற்றையும் படமாக்குவதைவிடப் பத்துக் கேள்வியை மட்டும் யூனிகோடில் புதிதாக அடியுங்கள். பத்துக் கேள்வி கழித்தல் தெரியுமா என்று சொல்லிவிடும்.

எதைத் தேர்ந்தாலும், தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு இரண்டு ஒத்திகை வையுங்கள். ஒருமுறை திரையை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் முழுத் தேர்வையும் எழுதிப் பாருங்கள். இன்னொருமுறை ஒலியை அணைத்து, மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு, விசைப்பலகையால் மட்டும் எழுதுங்கள். நீங்கள் சிக்கி நிற்கும் கேள்வி எண்களைக் குறித்துக்கொண்டு, முதலில் அவற்றைத் திருத்துங்கள்.